நானூறு வீட்டுக்கு ஒரே முகவரி

வஜீஹை நல்லவன் என்று எழுதினால் பேட்டையில் பாதிப் பேர் சிரிப்பார்கள். கெட்டவன் என்று எழுதினால் மீதிப் பேர் என் மருந்துக் கடைக்கு வந்து சண்டை பிடிப்பார்கள். அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். என்னைவிட வயதில் சின்னவன், என் கண்முன்னால் மூக்கொழுகத் திரிந்தவன். ஆகவே 'அவன்' என்றுதான் வரும், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பெய்ரூத்துக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் எல்மினாவில், எங்கள் பேட்டைக்கு இன்டர்நெட் கொடுப்பவன் அவன்தான். என் கடை இருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஒரு அறை. உள்ளே பேட்டரிகள், ஓயாமல் சுற்றும் மின்விசிறி, விளக்குச் சிமிட்டும் பெட்டிகள். அங்கிருந்து கறுப்புக் கம்பிகள் பால்கனிக்குப் பால்கனி தாவி, ஐஸ் தொழிற்சாலை வரைக்கும் போகும். யாராவது அவற்றில் துணி காயப்போட்டால் வஜீஹ் மேலிருந்து கத்துவான். எந்த வீட்டுத் துணி என்று பெயர் சொல்லிக் கத்துவான். அது இன்னும் மோசம்.

சண்டைக் காலம் முடிந்து டிஷ் ஆண்டெனா வந்தபோது அவனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. அப்போதே ஒரு டிஷ்ஷிலிருந்து தெருவுக்கே வயர் இழுத்தவன். பிறகு இன்டர்நெட் வந்தது, அதற்கும் வயர் இழுத்தான். எங்கள் ஊரில் பிள்ளை இல்லாதவனையும் எதற்காவது தகப்பன் என்று கூப்பிட்டால்தான் மரியாதை. அவனுக்குக் கிடைத்த பட்டம் 'அபுல் அஸ்லாக்', கம்பிகளுக்குத் தகப்பன். கல்யாணம் ஆகவில்லை. இரண்டு முறை பெண் பார்க்கக் கூட்டிப் போனோம். இரண்டு முறையும் சிக்னல் சரியில்லை என்று பெண் வீட்டுக் கூரைமேல் ஏறிவிட்டான்.

அவனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எதையும் பங்கு வைத்துக் கொடுப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. தண்ணீர் முறை வைத்து, மின்சாரம் முறை வைத்து, ரொட்டி வரிசையில் நின்று வளர்ந்தவர்கள் நாங்கள். இவனுக்கு அது ரத்தத்திலேயே ஊறிவிட்டது. கால்பந்து ஆட்டம் நடக்கும் நாளில் படியேறி வந்து, "அக்கா, நீங்க இப்ப ஒண்ணும் பாக்கலையே? உங்க பங்கை கொஞ்ச நேரம் எதிர்வீட்டுக்குக் குடுக்கட்டுமா?" என்று கேட்பான். கொடுத்தால் ஆட்டம் முடிந்ததும் திருப்பித் தந்துவிடுவான்.

முகவரி விஷயத்திலும் இந்தப் பங்குதான். இன்டர்நெட்டில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் வேண்டுமாம், அதுதான் அதன் முகவரி. அதை உண்டாக்கியவர்கள் ஆரம்பத்தில் நானூறு கோடிச் சொச்சம் எண்கள் உலகத்துக்குப் போதும் என்று நினைத்துவிட்டார்கள். முதலில் வந்த நாடுகள் அள்ளிக்கொண்டன. நாங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு போனபோது அண்டா காலி. வஜீஹுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு நானூறு வீட்டையும் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தான்.

அது எப்படி முடியும் என்று ஒருநாள் கேட்டேன். எனக்கு எதையும் துருவிக் கேட்டுத்தான் பழக்கம். அவன் என் கடை மூலையைக் கைகாட்டி, "உங்க கடைக்குப் பார்சல் வருதே, அதே மாதிரிதான்" என்றான்.

சட்டென்று புரிந்துவிட்டது. எங்கள் வீடுகளுக்கு எண் கிடையாது. 'ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால், நீலக் கதவு, ரெண்டாம் மாடி' என்றுதான் வழி சொல்வோம். வெளிநாட்டுக்காரன் பார்சலின் மேல் அதை எழுத மாட்டான். ஆகையால் எல்லோரும் 'ரோஸெத் மருந்துக் கடை, எல்மினா' என்று என் பெயரைக் கொடுத்துவிடுவார்கள். எந்தச் செருப்பு எந்தக் காலுக்கு என்று எனக்குத் தெரியும், பிரித்துக் கொடுத்துவிடுவேன். அனுப்புகிறவனுக்கு அது தெரியாது. அவனைப் பொறுத்தவரை ரோஸெத் என்ற ஒருத்திக்குப் பால் புட்டியும் வேண்டும், வழுக்கைத் தைலமும் வேண்டும், வாரா வாரம் செருப்பும் வேண்டும். ஒரு துணிக் கடை என்னைத் திருடி என்றே முடிவு கட்டி, இனி அனுப்ப மாட்டோம் என்று எழுதிவிட்டது.

அப்போது சிரித்தேன். அதுவே பெரிதாக வந்து பேட்டைமேல் விழும் என்று நினைக்கவில்லை.

துறைமுக ஓரத்தில் மீன் சாண்ட்விச் விற்கிற ராமிஸ் ஒரு டிவி சமையல் போட்டிக்குப் போனான். அரபு நாடுகள் முழுக்கப் பார்க்கிற போட்டி. எள் விழுதும் கொத்தமல்லியும் மிளகாயும் போட்டு அவன் செய்யும் காரமீனைத் தின்று நடுவர் ஒருவர் கண்ணீர் விட்டார். காரத்தாலா, ருசியாலா என்று பேட்டையில் இன்னும் விவாதம் நடக்கிறது. அரையிறுதி புதன்கிழமை. பார்ப்பவர்கள் இன்டர்நெட்டில் வோட்டுப் போட வேண்டும்.

போட்டோம் என்றால் அப்படிப் போட்டோம். காபிக் கடையில் ஃபோனைக் கைமாற்றிக் கைமாற்றிப் போட்டார்கள். நான் என் ஃபோனில் போட்டேன், கடைக் கம்ப்யூட்டரில் போட்டேன், காலமான என் கணவரின் ஃபோனைச் சார்ஜ் ஏற்றி அதிலும் போட்டேன். அவர் உயிரோடு இருந்திருந்தால் போட்டியில் இருந்த பெய்ரூத்காரிக்குத்தான் போட்டிருப்பார். ராமிஸ் நடுவர்கள் தயவில் ஞாயிறு இறுதிச் சுற்றுக்குத் தப்பிப் பிழைத்தான். ஆனால் அறிவிப்பாளர் ஒரு வார்த்தை சொன்னார். "ஒரே ஆள் இயந்திரம் வைத்துப் போட்ட சில ஆயிரம் வோட்டுகள் நீக்கப்பட்டன." யாரடா அந்த அயோக்கியன் என்று எல்லோரும் எதிர்ப் போட்டியாளன் ஊரான சைதாவின் ஆட்களைத் திட்டினோம்.

மறுநாள் காலை ஹியாம் என் கடைக்கு ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

ஹியாம் நீலக் கதவு வீட்டுப் பெண். பிரான்ஸில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வரும் அரபு நோயாளிகளுக்கு இவள் குரல்தான் துணை. அங்கே டாக்டர் பிரெஞ்சில் கேட்பார், இவள் இங்கே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதை அரபியில் சொல்வாள். நோயாளி சொல்வதைத் திரும்பப் பிரெஞ்சில் சொல்வாள். கணவன் ஃபரீதின் மரக்கடை மூடிக் கிடக்கிறது. அவள் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது.

"அக்கா, வஜீஹ் அண்ணன் மேல இருக்காரா? காலையில இருந்து கம்பெனிக்குள்ளயே போக முடியல. உங்க முகவரியை நம்ப முடியாதுன்னு வருது. ஃபோன் போட்டுக் கெஞ்சினேன். திங்கட்கிழமை காலை டியூட்டிக்கு நாற்காலியில நீ இல்லன்னா வேற ஆளைப் போடுவோம்னு சொல்லிட்டாங்க."

"ஃபோன் சிக்னல்ல பண்ணேன்டி."

"பண்ணிப் பாத்தேன். ஒரு அம்மா நெஞ்சு வலின்னு சொல்றப்போ அறுந்து போச்சு. இனிமே ஃபோன்ல வராதேன்னுட்டாங்க. வேற எடத்துல உக்காந்து பேசவும் கூடாது, நோயாளி விஷயம் வெளிய போயிடும்னு."

வஜீஹ் இறங்கி வந்தான். "என் கம்பியில கோளாறா? குண்டு விழுந்தப்பக்கூட அறுந்து போகாத கம்பி!" என்று ஆரம்பித்தவன், அவள் கம்ப்யூட்டரில் வந்திருந்த வாசகத்தைப் படித்ததும் வாயை மூடிக்கொண்டான். யார் யாருக்கோ ஃபோன் போட்டான். மதியம் திரும்பி வந்து, என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அக்கா, அந்த வோட்டு நடத்துறவங்க வாசலுக்கும் ஹியாம் கம்பெனி வாசலுக்கும் இன்டர்நெட்டுல காவல் பாக்கிறது ஒரே கம்பெனி. ஒரே முகவரியில இருந்து ஆயிரக்கணக்குல வோட்டு விழுந்துச்சாம். இது ஆளே இல்ல, திருட்டு இயந்திரம்னு முத்திரை குத்திட்டான். இனிமே அந்த முகவரி எந்த வாசலுக்குப் போனாலும் விட மாட்டான்."

"யாருடா அந்தத் திருட்டு இயந்திரம்?"

"நாமதான் அக்கா. நானூறு வீடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. யாரும் ஏமாற்றவில்லை. ஒவ்வொருவரும் நம் பையன் ஜெயிக்கட்டும் என்று ஆசையாய்ப் போட்டது. வெளியில் இருந்து பார்க்கிறவனுக்கு நானூறு வீடு தெரியவில்லை, ஒரு ரோஸெத்தான் தெரிகிறாள். காவல்காரனுக்கு எழுதிப் போட்டால் முத்திரையை எடுப்பார்களாம், ஆனால் திங்கட்கிழமைக்குள் நடக்காது.

வெள்ளிக்கிழமை நான் மொத்த மருந்து வாங்கத் திரிப்போலிக்குப் போக வேண்டியிருந்தது. வஜீஹையும் காரில் ஏற்றிக்கொண்டேன். அவனுக்கு மொத்தமாக இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனியின் கவுன்டரில் வழுவழுவென்று சட்டை போட்ட ஒருவன் இருந்தான்.

"ஒரே ஒரு முகவரி குடுங்க, தம்பி. பழசோ கிழிசலோ, எதுவா இருந்தாலும் சரி" என்றான் வஜீஹ்.

"ஹபீபி, நீங்க எந்த வருஷத்துல இருந்து வர்றீங்க? பழைய நாலாம் வகை முகவரி தீர்ந்து எவ்வளவு நாளாச்சு. யாராவது செத்தாத்தான் அடுத்தவனுக்கு." பிறகு திரையைப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினான். "உங்களுக்குப் புது ஆறாம் வகையில ஒரு கட்டு ஒதுக்கி வருஷக் கணக்காகுது. திறக்கவே இல்லையா?"

"அதுல எத்தனை இருக்கும்?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

"அதை எண்ண முடியாது, டாக்டரம்மா. பழைய வகையில உலகம் முழுக்க இருக்கிற முகவரி அத்தனையையும் கொண்டாந்து உங்க ஒரு வீட்டுக்குள்ள கொட்டினாலும் ஒரு மூலைக்குக் காணாது. அப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் குடுக்கலாம்."

மருந்துக் கடைக்காரியும் எங்கள் ஊரில் டாக்டர்தான். எனக்குத் தலை சுற்றியது. ஒரு வீட்டுக்கு எதற்கு அவ்வளவு? கரண்டிக்கும் கிண்ணத்துக்கும் ஆளுக்கொரு முகவரியா? அவன், "ஆமா, அதுக்கும்தான்" என்றான். வஜீஹ் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

காரில் கேட்டேன். "ஏன்டா திறக்கல?"

கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "பழைய எண்ணெல்லாம் தலைக்குள்ள நிக்கும் அக்கா. புதுசு அப்படி இல்ல. எழுத்தும் எண்ணும் கலந்து நீளமா, ஒண்ணு மாதிரியே இன்னொண்ணு. திறந்து பாத்தேன், ஒரு எழவும் புரியல. தொட்டா பேட்டையே அணைஞ்சு போயிடுமோன்னு பயம். மூடிட்டேன்."

"யாருக்குத் தெரியும் அது?"

எனக்கு விடை தெரியும், அவனுக்கும் தெரியும். பக்கத்துப் பேட்டைக்கு இன்டர்நெட் கொடுக்கிற ஜிர்ஜி நௌஃபல். எப்போதோ புது வகைக்கு மாறிவிட்டவர். ஆனால் இரண்டு பேட்டைக்கும் நடுவில் ஓடும் சந்தில் ஒருநாள் இவருடைய கம்பியை யாரோ அறுத்தார்கள், மறுநாள் இவனுடையதை யாரோ அறுத்தார்கள். அன்று முதல் பேச்சு வார்த்தை இல்லை. சாவு வீட்டில் சந்தித்தால்கூட ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நிற்பார்கள்.

"நான் அந்த ஆள் வீட்டுப் படி ஏற மாட்டேன்" என்றான்.

"அப்ப நீயே போய் ஹியாம்கிட்ட சொல்லு" என்று வண்டியை நீலக் கதவுக்கு முன்னால் நிறுத்தினேன். பால்கனியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஃபோன், கண் எங்கள் மேல். அவன் இறங்கவில்லை. "வண்டியைத் திருப்புங்க அக்கா" என்றான்.

ஜிர்ஜி மொட்டை மாடியில் புதினாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க டாக்டரம்மா. கூட வந்திருக்கிறது யாருன்னு தெரியலையே."

"கண்ணாடியைப் போட்டுக்குங்க, தெரியும்" என்றேன்.

எதிரியே வந்தாலும் காபி கொடுக்காமல் இருக்க முடியாது. ஏலக்காய் போட்டுத் தானே காய்ச்சிக் கொண்டுவந்தார். வஜீஹ் கோப்பையை வாங்கினான். உதட்டுக்குக் கொண்டு போகவில்லை. தரையில் வைத்தான்.

ஜிர்ஜியின் முகம் மாறியது. கேட்டதைத் தருகிறேன் என்று சொல்லும்வரை வந்தவன் காபியைத் தொட மாட்டான் என்பது அதன் பொருள். விருந்தாளியின் காபியை ஆறவிட்டவன் என்ற பேர் எங்கள் ஊரில் யாருக்கும் வேண்டாம்.

"ஓ, அப்படி வந்திருக்கியா?" என்றார் ஜிர்ஜி. "முதல்ல என் கம்பியை அறுத்தேன்னு ஒத்துக்க."

"நான் அறுக்கல. நீங்க என்னுதை அறுத்தது?"

"நான் ஏன்யா அறுக்கிறேன்? உன் கம்பியைத் தொட்டாலே கை நாறும்."

"உங்க கம்பியை எலிகூடக் கடிக்காது!"

"காபி ஆறுது!" என்று நான் கத்தினேன்.

இரண்டு பேரும் கோப்பையைப் பார்த்தார்கள். ஆவி குறைந்துகொண்டே வந்தது. ஜிர்ஜி பல்லைக் கடித்துக்கொண்டு, "கேளு" என்றார்.

"எனக்காகக் கேக்கல. ஹியாமுக்குத் திங்கட்கிழமை காலையில வேலை போயிடும். ஆறாம் வகையைத் திறக்க எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியும்." கடைசி இரண்டு வார்த்தையைச் சொல்ல அவன் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

"மரக்கடை ஃபரீதோட பொண்டாட்டியா? அட மடையா, அதை வாசல்லயே சொல்றதுக்கு என்ன? காபியை எதுக்குக் கீழ வச்சே? எடு, குடி! குடிச்சுத் தொலை!"

வஜீஹ் ஒரே மடக்கில் குடித்தான். வண்டலும் சேர்ந்து போயிருக்கும்.

சனிக்கிழமை காலை ஜிர்ஜி எங்கள் மாடிக்கு வந்தார். வந்ததும் பெட்டிகளைப் பார்த்து, "இதென்ன, அருங்காட்சியகமா?" என்றார். மதியம் வரை இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்துகொண்டே வேலை செய்தார்கள். ஹியாம் வீட்டு ரவுட்டருக்குப் புது வகையே தெரியாது என்று ஜிர்ஜி தன்னிடமிருந்த ஒன்றைக் கொடுத்தார். மீதியை இப்படி இப்படிச் செய் என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் ஹியாம் பால்கனியிலிருந்து, "உள்ள விட்டுட்டாங்க! அக்கா, கதவு திறந்திருச்சு!" என்று கத்தினாள். காவல்காரனுக்கு அந்தப் புது முகவரிமேல் எந்தக் கோபமும் இல்லை. வஜீஹ் மாடி விளிம்பில் மார்பை நிமிர்த்தி நின்றான். நான்கூடக் கைதட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜிர்ஜி ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்தார். சும்மா ஒரு நடை பார்த்துவிட்டு வருகிறேன் என்று மேலே போனார். கொஞ்ச நேரத்தில் அவர் போட்ட சத்தம் கடைக்குள் கேட்டது. இவர் அழுத்தம் எகிறியே போய்விட்டது என்று கையில் மாத்திரையோடு படியேறினேன்.

"டாக்டரம்மா, இந்த ஆள் பண்ணின வேலையைப் பாருங்க! கடலையே தூக்கிக் குடுத்திருக்காங்க. இவன் அதுல ஒரே ஒரு டம்ளர் மொண்டு, நானூறு வீட்டுக்கும் சுத்தி விட்டிருக்கான்!"

வஜீஹ் செய்தது இதுதான். எண்ண முடியாத அத்தனை முகவரிகளில் ஒன்றை மட்டும் எடுத்து, பழையபடியே மொத்தப் பேட்டையையும் அதன் வழியாக வெளியே அனுப்பியிருக்கிறான். மற்றதையெல்லாம் பத்திரமாக மூடி வைத்திருக்கிறான்.

"ஏன்யா?" என்றார் ஜிர்ஜி.

"வீணாக்கக் கூடாதுன்னுதான். நாளைக்கு ஆத்திர அவசரத்துக்கு வேணுமே."

இவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே குளியல் தொட்டியை நிரப்பி வைக்கிறவள்தான் நானும். ஜிர்ஜிக்கு அந்த இரக்கமெல்லாம் இல்லை.

"இன்னைக்கு சாயங்காலம் இறுதிச் சுற்று. உன் பேட்டை சும்மா இருக்குமா? நானூறு வீடும் இந்த ஒரு முகவரியில இருந்து வோட்டைக் கொட்டும். காவல்காரன் இதுக்கும் முத்திரை குத்துவான். காலையில ஹியாம் போய் நிக்கிறப்போ கதவு மூடியிருக்கும்."

வஜீஹின் முகம் சுண்டிப் போனது. "அவளுக்கு மட்டும் தனியா ஒண்ணு குடுத்துட்டா?"

"புது வகையில அவன் ஒரு முகவரியைத் தனியாப் பாக்க மாட்டான். அக்கம் பக்கத்தையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவான். கூட்டத்தை ஒரு வாசல்ல நிறுத்தி வச்சா அவளையும் சேர்த்து அடைப்பான். ஒண்ணு, யாரும் வோட்டுப் போடாம இருக்கணும். இல்லன்னா வீட்டுக்கு வீடு தனித்தனியாப் பிரிச்சுக் குடுக்கணும், வீடுதான் பேசுதுன்னு அவனுக்குத் தெரியிற மாதிரி."

வஜீஹ் முதலாவதைத்தான் முயன்றான். காபிக் கடைக்குப் போய், இன்று ஒருநாள் வோட்டு வேண்டாம் என்று கேட்டான். அப்புறம் அவன் சட்டை கிழியாமல் திரும்பி வந்தது கடவுள் புண்ணியம். "சைதாக்காரன்கிட்ட எவ்வளவு வாங்கினே?" என்று ராமிஸின் மச்சான் கேட்டானாம்.

"பிரிச்சுடலாம்" என்றான் திரும்பி வந்து.

மாடியில் செய்ய வேண்டியதை ஜிர்ஜி செய்தார். ஆனால் ஒவ்வொரு வீட்டு ரவுட்டரிலும் ஏதோ ஒன்றைத் திறந்துவிட்டு, அணைத்துப் போட வேண்டும். வஜீஹ் ஒரு பக்கம், ஃபரீத் ஒரு பக்கம், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான் ஒரு பக்கம் படியேறினோம். என் வாழ்நாளில் அந்த ஒரு மதியத்தில்தான் பேட்டையின் எல்லா வரவேற்பறையையும் பார்த்தேன். யார் வீட்டில் தூசி என்று இப்போது எனக்குத் தெரியும்.

ஜனங்கள் லேசில் விடவில்லை.

"எங்க வீட்டுக்கே தனியா முகவரியா? எதுக்கு, வரி போடவா?"

"இனிமே நான் என்ன பாக்கிறேன்னு எல்லாருக்கும் தெரியுமா டாக்டரம்மா?" இதைக் கேட்டவர் ஓய்வு பெற்ற சுங்க அதிகாரி. காது சிவந்து போய்க் கேட்டார். நியாயமான கேள்விதான், நான்தான் சிரித்துவிட்டேன். மாடிக்கு ஃபோன் போட்டு ஜிர்ஜியிடம் கேட்டுச் சொன்னேன். முகவரியை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்கலாமாம், தீர்ந்து போகும் என்ற பயம் இல்லாததால்.

"மத்த வீட்டுக்கு எத்தனை குடுத்தீங்க? எங்களுக்குக் குறைச்சிடாதீங்க." இது எல்லா வீட்டிலும்.

என் பக்கத்தை முடித்துவிட்டு வஜீஹோடு சேர்ந்துகொண்டேன். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அவன் ஒரு நொடி திகைத்து நிற்பதைப் பார்த்தேன். ஆயுசு முழுக்க, உனக்கு இவ்வளவுதான் என்று சொல்லிப் பழகிய வாய். "வேணுங்கிற அளவு எடுத்துக்கோ" என்று சொல்ல அதற்குத் தெரியவில்லை. நாலைந்து வீட்டில் தடுமாறினான். பிறகு வந்துவிட்டது. கடைசி வீடுகளில் அதைச் சத்தமாகவே சொன்னான், சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

சில வீட்டு ரவுட்டர்கள் கிழடு தட்டியவை, புது வகைக்கு மசியவில்லை. அந்த வீடுகள் இன்னும் ஒரே முகவரியைத்தான் பங்கு போட வேண்டும். அவர்களிடம் பக்கத்து வீட்டுக்குப் போய் வோட்டுப் போடச் சொன்னேன். மீறித் தன் வீட்டிலிருந்து போட்டால் இனி என் கடையில் தலைவலி மாத்திரைகூடக் கிடையாது என்றும் சொன்னேன். சாயங்காலம் போட்டி தொடங்கியபோது நானும் வஜீஹும் ஜிர்ஜியும் மாடி அறை வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம். பேட்டை முழுக்க டிவிச் சத்தம். எல்லோரும் போட்டார்கள். வஜீஹ் போடவில்லை. பெட்டிகளின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ராமிஸ் இரண்டாவதாக வந்தான். ஒரே ஆள் போட்ட வோட்டு என்று இந்த முறை யாரும் எதுவும் சொல்லவில்லை. தெருவில் முதலில் திட்டினார்கள், பிறகு பட்டாசு வெடித்தார்கள். காவல்காரன் காலையில் என்ன செய்வான் என்பது மட்டும் எங்களில் யாருக்கும் தெரியவில்லை. உறுதியாகச் சொல்லேன் என்று ஜிர்ஜியை நச்சரித்தேன். "நான் என்ன அவன் மாமனா?" என்றார்.

திங்கட்கிழமை காலை கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு நீலக் கதவு வீட்டுக்குப் போனேன். வஜீஹ் எனக்கு முன்பே வந்து இரண்டாம் மாடிப் படியில் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்யவில்லை, தூங்கவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. கதவைத் தட்டலாமா என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினான். உள்ளே சத்தமே இல்லை. கதவு திறந்து ஃபரீத் எட்டிப் பார்த்தான். உதட்டில் விரலை வைத்தான். அவன் முகத்தைப் பார்த்து நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்போது உள்ளறையிலிருந்து ஹியாமின் குரல் வந்தது. முதலில் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள், நிதானமாக, ஒரு டாக்டரிடம் பேசுகிற மரியாதையோடு. பிறகு எங்கள் பேச்சுக்கு மாறினாள்.

"சொல்லுங்கம்மா, எங்க வலிக்குது?"

கடலுக்கு அப்பால் யாரோ ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள், அது எங்களுக்குக் கேட்கவில்லை. ஹியாம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அழாதீங்க. டாக்டர் கேக்கிறதை நான் சொல்றேன், நீங்க சொல்றதை அவருக்குச் சொல்றேன். நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல."

வஜீஹ் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. பிறகு எழுந்து என் முழங்கையைப் பிடித்தான்.

"வாங்க அக்கா, போகலாம். அது நோயாளி பேசுற பேச்சு, நாம கேக்கக் கூடாது" என்று காதோடு சொன்னான்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் இருவரும் படியிறங்கினோம்.